அதிகப் பராமரிப்பு வேண்டாத வீட்டுச் செடிகள்

சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிகளில் மரவள்ளி, நிலக்கடலை, சோளம் எனக் காட்டு வேலையிலேயே பொழுது போய்விடுகிறது. வீட்டைச் சுற்றியுள்ள இரண்டு சென்ட் இடம் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. ஆசைக்கு வாங்கி வைத்த ரோஜா சித்திரை வெயிலில் கருகியதும், செடி வைக்கக் கைராசி இல்லை என்று விட்டுவிடுவோர் உண்டு. இது கைராசியைப் பொறுத்ததன்று. மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற செடியைத் தேர்ந்தெடுத்தால் அனுபவமில்லாதவரும் நன்றாக வளர்க்கலாம்.

ஏற்ற செடி எது?

இப்பகுதியில் செம்மண்ணும் சரளை கலந்த செம்மண்ணும் அதிகம். இவற்றில் தண்ணீர் தேங்காது. ஈரமும் வெகுநாள் நிற்காது. மாசி முதல் வைகாசி வரை கிணற்று நீரும் குறைந்துவிடும். ஆகவே ஆழமாக வேர் விடும் மரங்களும், இலையிலும் தண்டிலும் நீரைச் சேமிக்கும் செடிகளுமே புதியவர்களுக்கு ஏற்றவை.

முருங்கை: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளியான பி.கே.எம்.1 செடி முருங்கை விதை மூலம் பயிராவது. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியில் மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி விதைக்கலாம். செடி இடுப்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். சுமார் ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுதாம்புக் காய்ப்புக் கிடைக்கும். முருங்கைக் கிளை காற்றில் எளிதில் முறியும். ஓட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் விலக்கி நட வேண்டும்.

கறிவேப்பிலை: பழுத்த பழத்தின் விதை விரைவில் முளைப்புத் திறனை இழக்கும். பறித்த சில நாட்களிலேயே விதைக்க வேண்டும். நாற்று வாங்கி நடுவது இன்னும் எளிது. முதலாண்டில் இலை பறிப்பதைக் குறைத்து, மூன்றடி உயரத்தில் நுனியைக் கிள்ளிப் புதராக்க வேண்டும். இலையைத் தின்னும் பச்சைப் புழுவைக் கையால் பொறுக்கினாலே போதும். வீட்டில் உண்ணும் இலைக்குப் பூச்சிமருந்து அடிப்பது நல்லதன்று.

அகத்தி: வீட்டுக்குக் கீரை, ஆட்டுக்குத் தழை. ஆள் உயரத்தில் கிளைகளை அறுத்து வந்தால் மீண்டும் தழைக்கும். பிரண்டை, சோற்றுக் கற்றாழை, தூதுவளை ஆகிய மூன்றையும் வேலியோரம் வைத்துவிட்டால் தனிக் கவனிப்பே தேவையில்லை.

தவசிக்கீரை: அரை நிழலில் குச்சி நட்டு வளர்க்கலாம். இதனைச் சமைத்தே உண்ண வேண்டும். 1990-களில் தைவானில் உடல் மெலியவென்று இதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் குடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

வீட்டுக்குள் வைக்க

மருள் இனத்தைச் சேர்ந்த ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட் இரண்டும் குறைந்த வெளிச்சத்திலும் வாழும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நட வேண்டும். வீட்டுக்குள் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் மிகுதியால்தான். விரலை ஓர் அங்குலம் மண்ணுள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஸ்நேக் பிளான்டுக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிடில் டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும்.

அரளியில் எச்சரிக்கை

பராமரிப்பே வேண்டாத செடி என்றால் முதலில் நினைவுக்கு வருவது அரளி. பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் இது வருமானம் தரும் பூப்பயிர். ஆனால் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே நஞ்சு. வெட்டிப் போட்டுக் காய்ந்த இலையிலும் நஞ்சு குறைவதில்லை. கவாத்துச் செய்த கிளைகளைக் கொட்டகைப் பக்கமோ தீவனப் போரின் அருகிலோ போடக் கூடாது. மஞ்சள் அரளியின் கொட்டையும் காட்டாமணக்கு விதையும் குழந்தைகளுக்கு ஆபத்தானவை. மணி பிளான்ட் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். கைக்கெட்டாத உயரத்தில் வைப்பது நலம். ஆடு மாடு அரளி தின்றது தெரிந்தால் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல், தின்ற தழையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். குழந்தை தின்றுவிட்டால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நீரும் வேலியும்

சோப்புக் கலவாத அரிசி, காய்கறி கழுவிய நீரே நாலைந்து செடிகளுக்குப் போதும். குளியல் நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பலாம். செடியின் தூரில் சருகோ கரும்புச் சோகையோ பரப்பினால் ஈரம் நிற்கும். தண்டை ஒட்டாமல் பரப்பினால் கறையான் தொல்லை குறையும். ஆட்டுக்கு எட்டும் செடி பிழைக்காது. கிளுவைப் போத்தை நெருக்கமாக ஊன்றினால் செலவில்லாத உயிர்வேலி கிடைக்கும்.

முதலாண்டில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு கற்றாழை போதும். ஆடிப்பட்டத்தில் நட்டால், அடுத்து வரும் வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துக்கொள்ளும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் விட்டால், அடுத்த கோடையைச் செடி தானே தாங்கும். விதைக்கும் நாற்றுக்கும் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ, மாவட்டத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.