விழுங்கும் குளிசையில் எவ்வளவு உடம்பில் சேருகிறது?



நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஆனாலும் நேயர்கள் கேட்கும் ஒரு கேள்வி எனக்குப் பழகிய கணக்காகவே தெரிகிறது. ஆஸ்பத்திரியில் ஊசியாகக் கொஞ்சம் தந்த மருந்தை, வீட்டுக்கு வந்ததும் ஏன் கூடிய அளவில் குளிசையாகத் தருகிறார்கள்?

எங்கள் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேசிய தொகை வேறு, வரி கழித்துக் கைக்கு வருவது வேறு. குளிசையும் அப்படித்தான். சிறுகுடலில் உறிஞ்சப்படும்போதே குடற்சுவரிலுள்ள நொதியங்கள் ஒரு பங்கைச் சிதைத்துவிடும். மிகுதியும் நேரே உடலெங்கும் போவதில்லை. குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் ஈரலுக்கே போகிறது. ஈரல் தன் பங்கைக் கழித்த பிறகு எஞ்சுவதுதான் இருதயத்தை அடைந்து உடலெங்கும் பரவுகிறது.

கழிபடும் பங்கு மருந்துக்கு மருந்து வேறுபடும். ஊசியாக 10 மில்லிகிராம் மோர்பின் செய்யும் வேலைக்கு வாயால் ஏறத்தாழ 30 மில்லிகிராம் தேவை. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசையை விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியை அழித்துவிடும். நாக்கின் கீழுள்ள நாளங்கள் ஈரலுக்குப் போகாமல் இருதயத்துக்குப் போவதால்தான் அது சில நிமிடங்களில் வேலை செய்கிறது. ஆகவே அதைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம்.

கழிபட வேண்டியது கழிபடாவிட்டால்? கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி குழுவினர் பெலோடிப்பின் என்ற இரத்த அழுத்த மருந்தை மதுவோடு சேர்த்து ஆராய்ந்தனர். மதுவின் சுவையை மறைக்கக் கிறேப்புறூட் சாறு கொடுத்தார்கள். இரத்தத்தில் மருந்து எதிர்பாராத அளவுக்கு ஏறியது. 1989இல் இது வெளியானது. அந்தச் சாறு குடற்சுவர் நொதியத்தை முடக்கிவிடுகிறது. புதிய நொதியம் உருவாக ஒரு நாளுக்கு மேலும் செல்லலாம். எனவே காலையில் சாறு, இரவில் குளிசை என்று பிரித்தாலும் பயனில்லை. கொலஸ்ட்ரோலுக்கான சிம்வாஸ்டற்றின் இப்படிக் கூடினால் தசைகள் பழுதுபடலாம். பம்பளிமாசுக்கும் இக்குணம் உண்டு. வழமையான இனிப்புத் தோடம்பழத்துக்கு இல்லை. எல்லா மருந்துகளும் இப்படிப் பாதிக்கப்படுவதில்லை என்பதால் உங்கள் மருந்தைப் பற்றி மருந்தகத்தில் கேளுங்கள்.

ஈரல் பழுதுபட்டவர்களுக்கும் வயோதிபர்களுக்கும் கழிபடுவது குறையலாம். அப்போது அதே குளிசை அவர்களுக்குப் பெரிய அளவாகிவிடும். "எனக்குக் கேட்ட மருந்து, அக்காவும் போடட்டும்" என்று கொடுப்பது இதனால்தான் ஆபத்து.

எங்கள் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. வைத்தியரிடம் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ மொழிபெயர்க்கிறார்கள். முன்பு வந்த செங்கமாரியையும், குடிப்பழக்கத்தையும், ஊரிலிருந்து வந்த நாட்டு மருந்தையும் பிள்ளைக்கு முன்னால் சொல்லப் பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். ஆனால் அளவைக் கணக்கிட வைத்தியருக்குத் தேவையான விபரங்களே அவைதான். கூச்சமென்றால் வேறு மொழிபெயர்ப்பாளரைத் தாருங்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். மருந்தை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.