விழித்திருக்கும் கண்கள், உறங்கும் மூளை

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ஏறக்குறைய 4,800 கிலோமீற்றர் தூரத்தைச் சைக்கிளில் கடக்கும் போட்டியொன்று 1982ஆம் ஆண்டில் ஆரம்பமானது. இதில் ஓய்வு நாள் கிடையாது. போட்டியாளர் உறங்கினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே, வெல்ல விரும்புபவர் முதலில் குறைப்பது தூக்கத்தைத்தான்.

இப்போட்டியில் ஐந்து தடவைகள் வென்றவர் ஸ்லோவேனியா நாட்டு வீரர் யூரே ரோபிச். இரும்பு போன்ற கால்கள் அவருக்கு. ஆனால் மனம் அப்படியிருக்கவில்லை. பாதையோரத் தபால் பெட்டிகள் எதிரிகளாகத் தெரிய, சைக்கிளிலிருந்து குதித்துச் சண்டைக்கே போயிருக்கிறார்!

ஏன் இப்படி நிகழ்கிறது? நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பதார்த்தம் சேர்ந்துகொண்டே போகிறது. அதைக் குறைப்பது தூக்கமே. கோப்பி அதனை அகற்றுவதில்லை. அது சென்று பொருந்தும் இடங்களைச் சற்று நேரம் மறித்து நிற்கிறது, அவ்வளவுதான். விழிப்பு மேலும் நீடித்தால், கண்கள் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் உறங்கிவிடுகிறது. இல்லாத உருவங்களும் கண்முன் தோன்றத் தொடங்குகின்றன. நிதானத்துக்கும் தீர்மானத்துக்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதியும் தளர்ந்துவிடுவதால், தான் தடுமாறுவதை அம்மனிதர் சரியாக உணர்வதில்லை. பெரிய ஆபத்து இதுதான்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ரண்டி கார்ட்னர் என்ற மாணவர், பாடசாலை விஞ்ஞானச் செயற்றிட்டம் ஒன்றுக்காக 264 மணித்தியாலங்கள், அதாவது 11 நாட்கள், உறங்காதிருந்தார். அது 1964 ஜனவரியில் முடிவுற்றது. இறுதி நாளில், 100 இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துவரும்படி அவரிடம் கூறப்பட்டது. 65 வரை வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காரணம் கேட்டபோது, தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டதாகக் கூறினார்.

அப்போது அவருக்கு வயது 17. உயர்தர வகுப்பில் கற்கும் எமது வயதுதான். பரீட்சை நெருங்கும்போது எமது வீடுகளிலும் விடிய விடிய விளக்கெரிகிறது. நாம் 11 நாட்கள் விழித்திருப்பதில்லை என்பது உண்மையே. எனினும், பகலில் படித்தவற்றை நினைவில் உறுதியாகப் பதிக்கும் வேலையை மூளை பெரிதும் தூக்கத்திலேயே செய்கிறது. சுபஹ் வரை விழித்திருந்து சேர்த்ததை, பரீட்சை மண்டபத்தில் பாதிக் கணக்கில் தொலைத்துவிட்டு நிற்பதில் என்ன பயன்?

உடலுக்கும் எம்மீது உரிமை உண்டு என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த உரிமையைக் கொடுத்துவிட்டுப் படிப்போம், தோழியரே.