மன்னர் வந்த கிராமக் கோயில்

1939-ம் வருஷம் ஜூன் மாதம் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் ஹட்ஸன் நதிக்கரையில் உள்ள ஹைட் பார்க் என்னும் சிற்றூரில், ஸெயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்கு இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள். ஒருவர் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ். அந்நாளில் அவர் நமக்கும் சக்கரவர்த்தி. மற்றவர் எலிஸபெத் ராணி. அழைத்து வந்தவர், அதே ஊர்க்காரரான ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

மன்னர் ஒருவர் கோயிலுக்குப் போவதில் என்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கலாம். அதிசயம் மன்னரைப் பற்றியதன்று; கோயிலைப் பற்றியது. அது எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்தது. அந்தச் சபையோ, தன் பிரார்த்தனையிலிருந்து இங்கிலாந்து மன்னரின் பெயரை நீக்கிவிட்டுத் தனியே நின்ற சபை!

1776-க்கு முன் அது இங்கிலாந்துத் திருச்சபையின் ஒரு கிளையாகவே இருந்தது. குருமார்கள் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள். வழிபாட்டில் மன்னருக்காக வேண்டிக்கொள்வது முறை. சுதந்திரப் பிரகடனம் வெளியானதும் அந்த வேண்டுதலே ராஜத்துரோகமாகிவிட்டது. பிரமாணத்தையும் மீற முடியாமல், ஊராரையும் எதிர்க்க முடியாமல் குருமார் பலர் கோயிலைப் பூட்டினர். சிலர் நாட்டை விட்டே ஓடினர்.

யுத்தம் முடிந்த பின் மற்றொரு சங்கடம். பிஷப் இல்லாமல் புதிய குருமாருக்குப் பட்டம் கட்ட முடியாது; அமெரிக்காவிலோ ஒரு பிஷப் கூட இல்லை. கனெக்டிகட் குருமார்கள் சாமுவேல் ஸீபரி என்பவரைத் தேர்ந்து லண்டனுக்கு அனுப்பினார்கள். மன்னருக்குப் பிரமாணம் செய்யாத ஒருவருக்கு அபிஷேகம் செய்ய அங்கே சட்டம் இடந்தரவில்லை. ஸீபரி ஸ்காட்லாந்துக்குப் போனார். அங்கேயும் ஓர் எபிஸ்கோபல் சபை உண்டு. லண்டனில் ஆண்ட ஜெர்மானிய வமிசத்து மன்னர்களை ஏற்க மறுத்து, அதனால் துன்புற்ற சபை அது. 1784 நவம்பர் 14-ந் தேதி அபர்டீன் நகரில் அவருக்கு அபிஷேகம் நடந்தது. 1789-ல் அமெரிக்கச் சபை தன் பிரார்த்தனைப் புத்தகத்தைத் திருத்தி அமைத்தது. மன்னர் பெயர் இருந்த இடத்தில் ஜனாதிபதி வந்தார். மற்றவை பெரும்பாலும் பழையபடியே. ஆங்கிலேயரை விலக்கினார்களே ஒழிய, பழகிய வழிபாட்டை விலக்கவில்லை.

இனி ஹைட் பார்க்குக்கு வருவோம். 1811-ல் அங்கே இந்தக் கோயில் எழும்பக் காரணமாயிருந்தவர் டாக்டர் சாமுவேல் பார்ட். எடின்பரோவில் வைத்தியம் படித்தவர். நியூயார்க்கில் வைத்தியக் கல்லூரி ஏற்பட முக்கிய காரணமானவர். புரட்சியின்போது அவருடைய அனுதாபம் மன்னர் பக்கமே. ஆயினும் 1789-ல் ஜனாதிபதி வாஷிங்டனுக்குத் தொடையில் கொடிய கட்டி கண்டபோது, அதை அறுத்துக் குணப்படுத்தியவர் இவரே. அரசியலை மறந்து வாஷிங்டன் தம் உயிரை அவரிடம் ஒப்படைத்தாரே, அது சாமானியமா! பிற்காலத்தில் தம் பண்ணையில் ஓய்ந்திருந்த பார்ட், ஊருக்கு ஒரு கோயில் வேண்டுமென்று முன்னின்றார். முதல் குருவானவர் அவருடைய மருமகன் ஜான் மெக்விக்கர். 1821-ல் பார்ட் காலமானார். மனைவி இறந்ததற்கு மறுநாள்.

முதற் கட்டடத்துக்குப் பதில் இன்றைய கோயில் 1844-ல் கட்டப்பெற்றது. அதன் பிறகு நெடுங்காலம் எழுதத்தக்க விசேஷம் ஒன்றும் இல்லை. கலியாணம், ஞானஸ்நானம், அடக்கம்: கிராமக் கோயிலின் சரித்திரம் எங்கும் இதுதானே!

ரூஸ்வெல்ட் குடும்பத்தால்தான் அந்தக் கோயிலின் பெயர் உலகுக்குத் தெரிந்தது. நம் ஊர்க் கோயில்களுக்குத் தர்மகர்த்தாக்கள் இருப்பதுபோல் அங்கே 'வார்டன்' என்று ஒரு பதவி உண்டு. 1928 முதல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூத்த வார்டன். 1933-ல் ஜனாதிபதி ஆனார். வார்டன் பதவியை விடவில்லை. பாங்கிகள் மூடிக் கிடந்த காலத்திலும், உலக யுத்தத்தின் நடுவிலும், அந்தச் சிறு கோயிலின் பொறுப்பும் அவர் தலையில் இருந்தது. சாகும் வரையில் அவரே தர்மகர்த்தா.

ஆகவே 1939-ல் மன்னரை அங்கே அழைத்து வந்தவர் ஜனாதிபதி மட்டும் அல்லர். கோயில் வார்டனும் அவரே. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரான மன்னர், தம் பாட்டனாரின் பாட்டனாருக்குத் தந்தையான மூன்றாம் ஜார்ஜின் ஆட்சியை உதறிய மக்களோடு ஒரே கோயிலில் அமர்ந்து, தமக்குப் பழக்கமான வழிபாட்டையே கேட்டார். பிற்பகலில் ஜனாதிபதியின் விருந்தில், ரொட்டிக்குள் இறைச்சி வைத்த 'ஹாட் டாக்' என்னும் சாமானிய பட்சணத்தைப் பரிமாறினார்கள். மறுநாள் பத்திரிகைகளுக்குப் பிரார்த்தனையைவிட அதுவே பெரிய செய்தியாகிவிட்டது.

ரூஸ்வெல்ட்டின் தாய் தந்தையர் இந்தக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகின்றனர். 1945 ஏப்ரல் 15-ந் தேதி ரூஸ்வெல்ட்டை அவர் வீட்டு ரோஜாத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது, இறுதிப் பிரார்த்தனையைப் படித்தவர் இந்தக் கோயில் குருவானவர். 1962 நவம்பரில் அவர் மனைவி எலினார் அம்மையாரின் இறுதி வழிபாடும் இங்கேதான் நடந்தது; ஜனாதிபதி கென்னடியும், முன்னாள் ஜனாதிபதிகள் ட்ரூமனும் ஐஸன்ஹோவரும் வந்திருந்தார்கள். 1984-ல் கோயில் தீக்கு இரையாகிப் பெருஞ்சேதம் அடைந்தது. சபையார் அதே இடத்தில் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.