உலாவி நீட்சிகளும் விவசாயிகளின் அன்றாட இணைய வேலைகளும்

விளைபொருளை நல்ல விலைக்கு விற்க விரும்பும் விவசாயி பல சந்தைகளின் நிலவரத்தை அறிந்திருத்தல் அவசியமென்பது யாவரும் அறிந்த விஷயமே. மத்திய அரசாங்கத்தார் 2000-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய ‘அக்மார்க்நெட்’ என்னும் இணையதளத்தில் இவ்விலைகள் வெளியிடப்பட்டு வருகின்றன. ஆயினும், மாநிலம், மாவட்டம், சந்தை, பண்டம், தேதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து, தோன்றும் எண்களைக் குறிப்பேட்டில் எழுதும் வேலை மிகவும் அலுப்பைத் தருவதாகும். நான்கு நாட்கள் செய்தவர் ஐந்தாம் நாள் விட்டுவிடுகிறார். இத்தகைய வேலைகளுக்குச் செயற்கை நுண்ணறிவு நீட்சிகள் அனுகூலமாயிருக்கின்றன.

நீட்சியாவது யாது?

இணையதளங்களைப் பார்க்க உதவும் குரோம் போன்ற உலாவியுடன் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளே நீட்சி. எக்ஸ்டென்ஷன் என்றும் கூறுவர். முன்னிருந்த நீட்சிகளுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் எதை நிரப்புவதென முன்னதாகவே வரையறுத்துக் கொடுக்கவேண்டும். இப்பொழுதுள்ளவற்றிற்கோ, செய்யவேண்டியதைச் சாதாரண வாக்கியங்களில் எழுதினாற் போதும். அவை பக்கத்தைப் படித்து, பொத்தான்களை அழுத்தி, விவரங்களை அட்டவணையாக்கித் தரும்.

உபயோகிக்கும் முறை

கட்டளை தெளிவாயிருத்தல் வேண்டும். உதாரணமாக, “சென்ற 7 நாட்களில் இம்மாவட்டத்துச் சந்தைகளில் நிலக்கடலையின் குறைந்த விலை, உயர்ந்த விலை, பெரும்பான்மை விலை ஆகியவற்றைத் தேதிவாரியாக எழுது, பக்கத்தில் காணாத எண்ணை நீயாக எழுதாதே, விலை இல்லையெனில் ‘இல்லை’ என்று குறி” என்று எழுதலாம்.

கிடைத்த அட்டவணையில் இரண்டு மூன்று எண்களையாவது மூலப் பக்கத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். காயின் விலையைப் பருப்பின் விலையாகக் கருவி எழுதிவிடக்கூடும். மேலும், அத்தளத்தின் விலைகள் 100 கிலோ கொண்ட குவிண்டாலுக்கு உரியவை. குவிண்டால் 7,000 ரூபாயானால் 80 கிலோ மூட்டைக்கு 5,600 ரூபாயே ஆகும். இக்கணக்கைக் கவனியாதவர் வியாபாரியிடம் வீண் வாதத்திற்கோ நஷ்டத்திற்கோ ஆளாவர்.

அபாயங்கள்

சில நீட்சிகள் எல்லா இணையதளங்களிலும் உள்ள விவரங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கின்றன. அதை அளித்தால் வங்கிப் பக்கமும் அதில் அடங்கும். நம்பிக்கைக்குரிய நீட்சியும் பிறர் கையில் சிக்கலாம். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் நிறுவனத்தின் நீட்சியில் திருடர்கள் தீய நிரலைப் புகுத்தி, அது புதுப்பிப்பாகவே உபயோகிப்போரைச் சென்றடைந்தது.

மற்றோர் அபாயம் புதியது. பக்கத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி எழுதி மறைத்த கட்டளையை, எஜமானன் கட்டளையென்றே கருவி எண்ணி நிறைவேற்றக்கூடும். 2025 ஆகஸ்டில் ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் நீட்சியைச் சோதித்தபோது, தடுப்பு ஏற்பாடுகளில்லாமல் இவ்விதத் தாக்குதல்கள் நூற்றுக்கு 23.6 வீதமும், ஏற்பாடுகளுக்குப் பின்னரும் 11.2 வீதமும் பலித்ததாக வெளியிட்டது. பின்னர் பாதுகாப்பு விருத்தியடைந்துள்ளதாயினும், அபாயம் அறவே நீங்கியதாகக் கொள்ளலாகாது.

அநுசரிக்கவேண்டிய விதிகள்

1. கடவுச்சொல், ஓ.டி.பி., ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கருவிக்குக் கொடுக்கலாகாது.

2. அனுமதியைக் குறிப்பிட்ட தளத்திற்கு மாத்திரம் அளிக்கவேண்டும். வங்கி வேலைக்கு நீட்சியில்லாத வேறோர் உலாவியை வைத்துக்கொள்வது நலம்.

3. விண்ணப்பங்களைக் கருவி நிரப்பினும், சர்வே எண்ணையும் உட்பிரிவையும் பட்டாவுடன் ஒப்பிட்ட பின்னர் ‘சமர்ப்பி’ பொத்தானை விவசாயி தம் கையாலேயே அழுத்தவேண்டும். 142/3ஏ என்பது 142/3பி ஆனால் பயிர் இன்ஷூரன்ஸ் அடுத்த வயலுக்குப் போய்ச்சேரும்.

4. கிராம அதிகாரிகள் குடிகளின் விவரங்களடங்கிய பக்கங்களில் மேலதிகாரிகளின் அனுமதியின்றி இக்கருவிகளை உபயோகித்தல் கூடாது. பக்கத்திலுள்ள விவரங்கள் கருவியை நடத்தும் கம்பெனிக்கும் செல்கின்றன என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

கணக்கெழுதக் கணக்கப்பிள்ளையை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அவரிடம் வெற்றுத்தாளில் கையொப்பமிட்டுக் கொடுப்பது அவ்வாறன்று. படிப்பதும் எழுதுவதும் கருவிக்கு, சரிபார்ப்பதும் ஒப்பமிடுவதும் நமக்கு என்று பிரித்துக்கொள்ளும் விவசாயிக்கு இதனால் நேரமும் பணமும் மிஞ்சும்.