வாய்மையின் எதிர்ச்சொற்கள்: மட்டக்களப்பு வழக்கை முன்வைத்துச் சில குறிப்புகள்

எதிர்ச்சொல் எழுதுக என்னும் பயிற்சியில் 'உண்மை' என்பதற்கு நேரே 'பொய்' என்று எழுதாத மாணவர் இல்லை. பெரியகல்லாற்றுப் பிள்ளையும் சென்னைப் பிள்ளையும் இதில் வேறுபடுவதில்லை. ஆயினும் அப்பிள்ளை வீட்டிலும் வயலிலும் கேட்டு வளரும் மொழி இவ்வளவு எளிதாக இரண்டாகப் பிரிந்து நிற்பதன்று. எதிர்ச்சொல் என்பது அகராதி சார்ந்த பிரச்சினை மட்டுமன்று. யார், யாரை நோக்கி, எந்த உறவுநிலையில் நின்று பேசுகிறார் என்னும் சமூகவியற் பிரச்சினையுமாகும் என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது.

முதலிற் சொற்களின் அமைதியை நோக்குவோம். உண்மை என்பது 'உள்' என்னும் அடியாகப் பிறந்தது. உள்ளதாந் தன்மை என்பது அதன் பொருள். அவ்வகையில் அதன் நேரெதிர் பொய் அன்று, இன்மையே. பொய்க்கு இணையாக நிற்பது மெய். மெய் உடலையுங் குறிக்கும். பொய் உள்ளீடற்ற தன்மையைச் சுட்டும். மரப்பொந்துக்கும் பொய் என்னும் பெயர் உண்டு. மழை பொய்த்தது, விளைச்சல் பொய்த்தது என்று உழவர் கூறும்போது எவரும் எவரிடத்தும் பொய்யுரைக்கவில்லை. வரவேண்டியது வரவில்லை, அவ்வளவே. வாய்மையோ சொல்லின்பாற்பட்டது. வள்ளுவர் அதனை வரையறுக்கும்போது நடந்ததை நடந்தவாறு கூறுதல் என்று கூறாது, பிறர்க்குத் தீங்கு பயவாத சொல் என்றே கூறுகிறார். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யுக்கும் வாய்மையின் இடத்தை வழங்குகிறார். ஆகவே வாய்மையின் எதிர் பொய் என்பதைவிடத் தீங்கு என்பதே பொருந்தும். இது மனங்கொள்ளத்தக்கது.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது பெரியகல்லாறு. சூரியன் எழும் பக்கமாகிய இக்கரை எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயல்கள் பரந்துகிடப்பது படுவான்கரை. எழுவான்கரைக் கிராமத்தவர் பலர் வாவியைக் கடந்து சென்றே வேளாண்மை செய்தனர். அவ்வயல்களின் களவெட்டியில் ஒரு தனிமொழி வழங்கிற்று. சூடடிக்குங் காலத்தில் நெல்லைப் பெயர்சொல்லி அழையார், 'பொலி' என்பர். மாட்டுக்கும் கூடைக்கும் வேறு பெயர்கள் உண்டு. குறைவையும் முடிவையும் குறிக்குஞ் சொற்கள் விலக்கப்பட்டன. பெயரைக் கேட்டாற் பூதம் விளைச்சலைக் கவர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. சிங்கள விவசாயிகளிடையிலும் இத்தகைய களத்துமொழி உண்டு என்பது, இஃது இனத்தாலன்றி உற்பத்தி முறையால் விளைந்தது என்பதைக் காட்டும். (இன்று இயந்திரம் வயலிலேயே அறுத்து நெல்லைப் பிரித்துவிடுவதாற் பூதத்துக்கும் வேலையில்லை, அம்மொழி முதியோர் நினைவுக்குச் சுருங்கிவிட்டது.)

இதனைப் பொய் என்போமா? நன்னூலார் என்ன கூறுவார் என்பது தெளிவு. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றையும் தகுதி வழக்கு என்று வகுத்து, ஒன்றன் இயல்பான பெயரை விட்டு வேறொன்றாற் கூறுவதற்கு இலக்கண ஒப்புதல் அளித்தவர் அவர். இறந்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். அம்மை நோயை 'அம்மாள்' என்பதும் அவ்வகையினதே. இவற்றைக் கேட்போர் எவரும் ஏமாறுவதில்லை. சொல்வோரும் கேட்போரும் ஒரே களத்தில் நிற்பவர்கள். ஏமாற வேண்டியது பூதம் மட்டுமே.

ஆனால் அதே களத்தில் வேறொரு பேச்சும் நடந்தது. பொலி அளக்கப்பட்டபின் போடியாருக்கும் அவருடைய வயலைச் செய்தவருக்குமிடையே பங்கு தீர்க்கப்படும். விதைநெல்லும் முற்பணமும் கழிக்கப்படும். உழைத்தவன் ஒரு மரைக்கால் நெல்லை ஒளித்தால் அது கள்ளம். கழித்த தொகை கூடிப்போனால் அதற்குப் பெயர் கணக்கு. ஈழத்துப் பேச்சுவழக்கில் புளுகு, சாட்டு, சுத்துமாத்து, பேய்க்காட்டுதல் என்று வாய்மைக்கு மாறான செயல்களை நுணுகிப் பகுக்கும் சொற்கள் நிறைய உள்ளன. புளுகு பெரிதும் தீங்கற்றது, கேட்போர் சிரிப்பர். சாட்டு பலவீனனின் கருவி. வேலைக்கு வராதவன் சொல்வது. சுத்துமாத்தில் ஒருவன் இழக்க மற்றவன் பெறுகிறான். இப்பகுப்பின் அடிப்படை, சொல்லுக்கும் நிகழ்ச்சிக்குமுள்ள பொருத்தமன்று. இழப்பு யாருக்கு என்பதே. சொல் என்பது வர்க்கங்கள் மோதும் களம் என்று 1929 இல் வொலோஷினோவ் எழுதியபோது களவெட்டியை அவர் எண்ணியிரார். எனினும் கருத்து இங்கும் பொருந்துகிறது.

பழைய இலக்கியமும் பொய்யை வெறும் தனிமனிதக் குற்றமாகக் காணவில்லை. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே திருமணச் சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுவது, பொய்யைச் சமூக வரலாற்றின் ஒரு கட்டத்தில் வைத்து நோக்குவதாகும். அகநானூற்றின் 256 ஆம் பாடலில், கள்ளூரில் ஒரு பெண்ணின் நலனைக் கவர்ந்தவன் அவளை அறியேன் என்று சூளுரைக்கிறான். சாட்சிகளை வினவி உண்மை காணப்படுகிறது. அவனை மரக்கிளையிற் பிணித்து அவன் தலையில் நீறு கொட்டுகின்றனர். சூளைச் சோதிக்கும் ஊர் அங்கு இருந்தது.

சிலப்பதிகாரத்தில் நிலைமை மாறிவிடுகிறது. பொய்க்கரி கூறுவோரைத் தண்டிக்கப் புகாரிலே பூதம் ஒன்று நிற்கிறது. மதுரையிலோ பொற்கொல்லன் சொன்ன பொய்யைத் தண்டிக்க எவருமில்லை. பாண்டியன் பொய் சொன்னவனல்லன். அவன் ஆராயவில்லை, கொன்று சிலம்பைக் கொணர்க என ஏவினான். கண்ணகியின் குற்றச்சாட்டும் அதுவே. மட்டக்களப்புப் பிரதேசக் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது வழக்குரை பாடப்படுகையிற் கூடியிருக்கும் மக்கள் ஆண்டுதோறும் கேட்பது, அரசனிடம் சென்று வழக்குரைத்த ஒரு பெண்ணின் கதையையே. அதிகாரத்தில் உள்ளவனைப் பொறுத்தவரை வாய்மையின் எதிர் பொய்யன்று, ஆராயாமை என்பது அக்கதையின் உட்கிடை. இலக்கிய ஆராய்ச்சியாளராகிய நாம் இதனைப் போதிய அளவு கவனித்தோமில்லை.

அக்கோயில்களுக்கு வரும் பெண்கள் சிலருக்கு இது பழங்கதை மட்டுமன்று. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அரச ஆவணங்கள் இத்தகையோரைக் காணாமற்போனோர் என்றன. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிறுவனமும் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்றே தமிழிற் பெயர்பெற்றது. இச்சொல்லில் ஒரு பொய்யும் இல்லை. அவர்கள் காணப்படவில்லை என்பது மெய்யே. ஆனால் 'போனோர்' என்பது தன்வினை. சந்தையில் வழிதவறிய பிள்ளையும் காணாமற்போனதே. கைதவறிய மோதிரமும் அவ்வாறே. செய்தவனுக்கு அவ்வினையில் இடமில்லை.

உறவினர்கள் இச்சொல்லை மறுத்துக் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றனர். வினை பிறவினையாகிச் செயப்பாட்டு வடிவம் பெறுகிறது. செய்தவன் இன்னும் பெயர் பெறவில்லையாயினும் ஒருவன் உளன் என்பது இலக்கணத்தில் உறுதியாகிவிடுகிறது. வலிந்து காணாமலாக்கப்படுதல் குறித்த 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இவ்வடிவத்தை ஏற்றது. ஆயினும் அலுவலகத்தின் பெயர்ப்பலகையிற் பழைய தன்வினையே நின்றது. மங்கலவழக்கின் புறவடிவத்தை அதிகாரம் கைக்கொள்ளும்போது இவ்வாறு நிகழ்கிறது. துஞ்சினார் என்று துயரமுற்றவர் சொல்வது ஆறுதல். துயரத்துக்குக் காரணமானவர் சொல்வது வேறு.

2016 இல் இன்னொரு சட்டத் திருத்தம், இறப்புச் சான்றிதழ் பெற விரும்பாத குடும்பங்களுக்கு, உரியவர் இல்லாதிருத்தலைச் சான்றுரைக்கும் பத்திரமொன்றை வழங்க ஏற்பாடு செய்தது. வங்கிக் கணக்கு, காணி, பிள்ளையின் பாடசாலை அனுமதி முதலிய காரியங்களுக்கு அது பயன்படும். அப்பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உண்மைக்கு எதிர் இன்மை என்று மேலே கண்டோம். அவ்வின்மையை முத்திரையிட்டு ஏற்குமாறு கேட்கப்படும் தாய் பலவேளை இரு பத்திரங்களையும் வாங்க மறுக்கிறாள். விண்ணப்பப் படிவத்தில் காணாமற்போன திகதி என்று அச்சிட்ட இடத்துக்கு அவள் வாயாற் சொல்லும் விடையில், போனான் என்ற வினை வருவதில்லை. 'பிடித்துக்கொண்டு போனார்கள்' என்கிறாள். எழுதுபவர் திகதியை மட்டும் குறித்துக்கொள்கிறார்.