பள்ளிச் சாலைக்குச் சுருள்வில் எதற்கு?

மனிதனின் கால்களுக்கு இறக்கை கட்டிவிட்டாற்போல் வந்தது மிதிவண்டி. அதற்கு எரிபொருள் வேண்டாம், புகையும் இல்லை. நம் பள்ளியிலும் பலர் நாள்தோறும் அதில்தான் வருகிறோம். இன்று சைக்கிள் கடைகளில் தடித்த டயரும், முன்னால் சுருள்வில் வைத்த ஃபோர்க்கும் உள்ள மலைச் சைக்கிள்களே கண்ணைக் கவர்கின்றன. மலைக்காகத் தோன்றிய அந்த ஃபோர்க், பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சென்று வரும் சாலைக்குத் தேவைதானா? தேவையில்லையெனில் அதை எப்படி மாற்றுவது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மலையில் பிறந்த வண்டி

முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி, ஹேண்டில்பாருடன் இணைக்கும் கவை போன்ற உறுப்பே ஃபோர்க் ஆகும். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டமல்பைஸ் மலைச் சரிவுகளில் இளைஞர்கள் பழைய சைக்கிள்களை ஓட்டி மகிழ்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ், 1977இல் மலைக்கென்றே ஒரு சைக்கிளைச் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ பெருமளவில் விற்பனைக்கு வந்தது. வியப்பு என்னவென்றால், இவற்றின் ஃபோர்க்கில் அதிர்வுதாங்கி கிடையாது! ராக்ஷாக்ஸ் நிறுவனம் மலைச் சைக்கிளுக்கான அதிர்வுதாங்கி ஃபோர்க்கைக் கொண்டுவந்தது 1989இல்தான். பாறையிலும் மர வேரிலும் வேகமாக இறங்கும் பந்தய வீரர்களுக்கு அது பெரிதும் பயன்பட்டது. பின்னர் அதன் தோற்றத்தைப் பார்த்து, விலை குறைந்த சைக்கிள்களிலும் சுருள்வில் ஃபோர்க்குகள் வரத் தொடங்கின.

சாலையில் அதன் குறைகள்

முதலாவது, எடை. விலை குறைந்த சுருள்வில் ஃபோர்க் ஏறக்குறைய இரண்டரை கிலோ இருக்கும். வில் இல்லாத எஃகு ஃபோர்க் ஒன்று முதல் ஒன்றரை கிலோதான்.

இரண்டாவது, வீணாகும் உழைப்பு. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஃபோர்க் அமுங்கி அமுங்கி எழுகிறது. நம் உழைப்பில் ஒரு பகுதி வண்டியை முன்னே தள்ளாமல், வில்லை அழுத்துவதிலேயே போய்விடுகிறது.

மூன்றாவது, துரு. எங்கள் ஊர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் மழைநீரும் ஃபோர்க்கின் உட்குழாயை அரிக்கின்றன. சில காலத்தில் வில் இறுகிவிடும். பிறகு பயன் போய்ச் சுமை மட்டும் மிஞ்சும். இறுகாமல் தேய்ந்து தளர்ந்தாலோ, பிரேக் பிடிக்கையில் முன்சக்கரம் ஆடும். இது மிகவும் ஆபத்தானது.

என் அக்கா நாள்தோறும் ஏழு கிலோமீட்டர் மிதித்து வேலைக்குச் செல்கிறார். அவருடைய பழைய மலைச் சைக்கிளின் ஃபோர்க் இவ்வாறு ஆடத் தொடங்கியபோது, கடன் வாங்கியாவது ஸ்கூட்டர் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. கடைசியில் ஃபோர்க்கை மட்டும் மாற்றினார்கள். வண்டி பறக்கிறது என்று சொல்லமாட்டேன்; ஆனால் அம்மாவுக்கு இருந்த அச்சம் நீங்கியது. தவணைக்குப் போயிருக்க வேண்டிய பணம் என் மேல்படிப்புக்காக அஞ்சலகத்தில் சேர்கிறது.

காற்றே நல்ல வில்

“வில் இல்லாவிட்டால் குண்டும் குழியுமான சாலையில் கை வலிக்காதா?” என்று தோழியர் கேட்கலாம். இதற்கு விடை டயரில் இருக்கிறது. 1880களின் பிற்பகுதியில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். டயருக்குள் இருக்கும் காற்றே ஒரு வில்தான். அகலமான டயரைப் பொருத்தி, அதன் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அழுத்த அளவுக்குள் சற்றுக் குறைவாகக் காற்றடித்தால் சாதாரணச் சாலைக்கு அதுவே போதும். மிகவும் குறைத்துவிட்டால் பள்ளத்தில் டியூப் நசுங்கிக் கிழியும். முழங்கைகளைச் சற்றே மடக்கி ஓட்டுவதும் அதிர்வைக் குறைக்கும். பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியின் ஃபோர்க்கிலும் வில் இல்லை என்பதை நினைவில் கொள்க.

அளவே முதன்மை

அப்படியென்று கையில் கிடைத்த ஃபோர்க்கை மாட்டிவிடக் கூடாது. மலைச் சைக்கிளின் சட்டம் நீளமான ஃபோர்க்குக்காகச் செய்யப்பட்டது. எடுத்துக்காட்டாக, பழைய ஃபோர்க்கின் நீளம் சக்கர அச்சிலிருந்து மேல் தோள்வரை 470 மி.மீ. என்று கொள்வோம். நாம் ஏறி அமர்ந்தால் அது ஏறத்தாழ 20 மி.மீ. அமுங்கும். எனவே புதியது 450 மி.மீ. அளவில் இருக்கவேண்டும். அதற்குப் பதில் 400 மி.மீ. ஃபோர்க்கை மாட்டினால் முன்பக்கம் 50 மி.மீ. தாழும். இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே சுமார் 1000 மி.மீ. இருப்பதால், நாம் படிக்கும் முக்கோணவியலின்படி tan மதிப்பு 0.05, அதாவது சட்டம் ஏறக்குறைய மூன்று பாகை முன்னோக்கிச் சாய்ந்துவிடும். ஹேண்டில்பார் தொட்டாலே திரும்பும். வளைவில் பெடல் தரையில் இடிக்கவும் கூடும்.

மேலும் கவனிக்க வேண்டியவை:

1. ஃபோர்க்கின் மேல்தண்டு பழையதன் பருமனே இருக்கவேண்டும். பல மலைச் சைக்கிள்களில் இது 28.6 மி.மீ.
2. சக்கரத்தின் அளவும், பிரேக் பொருத்தும் இடமும் ஒத்துவரவேண்டும். டிஸ்க் பிரேக் வண்டிக்கு அதற்கான பிடி உள்ள ஃபோர்க்கே தேவை.
3. மேல்தண்டை இருமுறை அளந்த பிறகே அறுக்கவேண்டும். அறுத்ததை ஒட்ட முடியாது.
4. பால்ரஸ் அமரும் வளையத்தைப் பழைய ஃபோர்க்கிலிருந்து சேதமின்றிக் கழற்றிப் புதியதில் பொருத்தவேண்டும். இது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.
5. முடித்தபின் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்கவும். ‘டக் டக்’ என்ற ஆட்டம் இருந்தால் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

முடிவுரை

காட்டுப் பாதையிலும் கரடுமுரடான மலைச் சரிவிலும் வேகமாக ஓட்டுவோர்க்கு அதிர்வுதாங்கி தேவையே. நன்றாக வேலை செய்யும் ஃபோர்க்கை வீணாகக் கழற்றவும் வேண்டாம். ஆனால் புதிதாக வாங்கும் பெற்றோர்களும், பழையதைப் பழுதுபார்க்கும் தோழியரும், வண்டி செல்லப்போகும் வழியை முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர். தேவைக்கு மிஞ்சிய பகட்டை விட்டு, நம் பாதைக்கு ஏற்றதைத் தேர்ந்து, இறைவன் அருளால் நாள்தோறும் நலமாக வீடு சேர்வோமாக!