பாசிக்குச் சோறு போடுவது யார்?

கண்ணாடிக்குள் ஒரு கடல் – 9

சென்ற வாரம் உப்பின் அளவைப் பார்த்தோம். இந்த வாரம் பாசி. கடல்நீர்த் தொட்டியை ஆசையோடு தொடங்கிய பலர் ஒரு வருடத்துக்குள் அதை விற்றுவிடுவது இதனால்தான்.

கற்களின் மேல் முதலில் மண்ணிறப் படலம் படியும். அது போன பிறகு பச்சையாக ஏதோ துளிர்க்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். சில வாரங்களில் அது விரல் நீளத்துக்கு மயிராக வளர்ந்து, முருகைகளின் அடியைச் சுற்றிப் பிடித்து, அவற்றை விரிய விடாமல் செய்துவிடும். பிடித்து இழுத்தால் நுனி கையோடு வரும், அடி கல்லோடு நிற்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் நீர் முழுவதும் பச்சைத் தூளாகி, தூள் விழுந்த இடமெல்லாம் மறுபடி முளைக்கும். இந்த நிலையில்தான் ஆட்கள் கடைக்குப் போய் ஒரு போத்தல் மருந்து வாங்குகிறார்கள்.

அதை வாங்குவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். இந்தப் பாசி எதைத் தின்று வளர்கிறது?

நைத்திரேற்றும் பொசுபேற்றும்தான் அதன் சாப்பாடு. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தொட்டி நிறையப் பாசி நிற்கும்போது சோதனைக் குப்பியில் இரண்டும் பூச்சியம் காட்டும். நீரில் கரைவதை அந்தக் கணமே பாசி எடுத்துவிடுவதால், அளப்பதற்கு மிச்சம் இருப்பதில்லை. ஆகவே குப்பியை மட்டும் நம்பாமல், உள்ளே என்ன போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

கணக்கு கடினமானதல்ல. உலர் மீன்தீனியின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பொசுபரசு. நாளுக்கு 2 கிராம் தூவினால் 20 மில்லிகிராம் பொசுபரசு உள்ளே போகிறது. பொசுபேற்றாகக் கணக்கிட்டால் 60 மில்லிகிராம். 600 லீற்றர் தொட்டியில் அது லீற்றருக்கு 0.1 மில்லிகிராம். முருகை வளர்ப்பவர்கள் பொதுவாக 0.03க்கும் 0.1க்கும் இடையில் வைத்திருக்கப் பார்க்கிறார்கள். மீனின் உடலில் சேர்வதும் நுரை பிரிப்பானில் வெளியேறுவதும் போக மீதிதான் நீரில் நிற்கும் என்றாலும், ஒரு நாள் தீனிக்கு எவ்வளவு பலம் என்பது இதில் தெரிகிறது. மீன் பசியோடு பார்க்கிறது என்று மூன்றாம் முறையும் தூவும் அன்பான கைதான் பெரும்பாலான தொட்டிகளில் பாசியை வளர்க்கிறது.

இந்தச் சாப்பாடு உள்ளே வரும் இரண்டாவது வழி தண்ணீர். அரநாயக்க போன்ற மலையூரில் தொட்டி வைப்பவர் கடல்நீரை நினைத்தபோது அள்ள முடியாது. பொதியில் வரும் உப்பை நன்னீரில் கரைத்துத்தான் கடலை உண்டாக்க வேண்டும். அந்த நன்னீர் பீலியிலிருந்து வருகிறது. பீலித் தண்ணிக்கு நிகரான குடிநீர் இல்லை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பாறையில் ஊறி வரும் நீரில் சிலிக்கேற்று கரைந்திருக்கும். முதலில் படியும் அந்த மண்ணிறப் படலத்துக்கு அதுவே தீனி. தேயிலை மலைக்கு உரம் போட்ட கையோடு பெருமழை விழுந்தால், உரத்தில் ஒரு பகுதி கரைந்து ஊற்றுக்கும் ஓடைக்கும் வந்து சேரும். தொட்டியில் ஆவியாகிப் போவது தூய நீர் மட்டுமே. குறைந்ததை நாள்தோறும் பீலித் தண்ணியால் நிரப்பினால், அதில் இருந்தவை எல்லாம் உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். தகரக் கூரையில் பிடித்த மழைநீரும் ஆகாது; தகரத்திலிருந்து வரும் நாகம் நத்தைகளைக் கொல்லும். மென்சவ்வு வடிகட்டியில் இறக்கி, பிறகு அயன் நீக்கும் குப்பியிலும் விட்டு எடுத்த நீர்தான் வேண்டும். செலவுதான். அந்தச் செலவுக்கு மனம் இல்லாதவர் நன்னீர் மீனோடு நின்றுகொள்வது நல்லது என்பது என் கருத்து.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, பாசியைத் தின்னும் வாய்கள். இதன் அருமையை உலகத்துக்குக் காட்டியது கரீபியன் கடல். 1983இல் பனாமாக் கரையில் தொடங்கிய ஒரு நோய், நீண்ட கரிய முட்களுடைய கடல் முள்ளிகளை ஓராண்டுக்குள் அந்தக் கடல் முழுவதும் ஏறத்தாழ அழித்தது. யமேக்காவில் பாசி தின்னும் மீன்களை மனிதர் முன்பே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980இல் ஒரு பெரும் புயல் முருகைகளை நொறுக்கியும் இருந்தது. எஞ்சியிருந்த வாய் இந்த முள்ளி ஒன்றுதான். அதுவும் போனது. 1977இல் அங்கே பாறைப்பரப்பில் பாதிக்கு மேல் உயிர்முருகை இருந்தது. 1993இல் நூற்றுக்கு 3 மட்டுமே. பாசி நூற்றுக்கு 4இலிருந்து 92க்கு ஏறியது. நம்முடைய ஹிக்கடுவையிலும் 1998இன் கடல்வெப்பம் முருகைகளை வெளிறச் செய்து கொன்ற பிறகு, ஹலிமெடா என்னும் பாசி அந்த இடங்களில் தடித்துப் படர்ந்தது. 1979இலிருந்து பாதுகாக்கப்பட்ட கடல் அது. கரையில் அறிவிப்புப் பலகை நட்டால் மட்டும் பாசி நிற்காது.

தொட்டிக்கும் அதே பாடம்தான். ஓரா மீன், டேங் மீன், டர்போ நத்தை, ஒரு சிறு கடல் முள்ளி: இவை இடைவிடாமல் மேய வேண்டும். ஆனால் விரல் நீளத்துக்கு வளர்ந்த பாசியை நத்தை தொடாது. முதலில் கையால் பிடுங்குங்கள். பிடுங்கும்போதே குழாயால் அந்த நீரை உறிஞ்சி வெளியே விடுங்கள். கட்டையாக நிற்பதை நத்தைகள் பார்த்துக்கொள்ளும். பச்சை முத்தாகக் கொப்பளிக்கும் பாசியை மட்டும் உடையாமல் பெயர்த்தெடுங்கள்.

மருந்து ஊற்றினால் என்ன நடக்கும்? பாசி சாகும். செத்த பாசி அழுகி, தின்றதையெல்லாம் நீரிலேயே கக்கும், ஒட்சிசனையும் இழுக்கும். அடுத்த மாதம் வேறொரு பாசி வரும். சிவப்புச் சவ்வாகப் படரும் நீலப்பச்சைப் பற்றீரியாவுக்கு அன்டிபயோட்டிக் போடுகிறார்கள். அது கழிவை மாற்றித் தரும் நல்ல பற்றீரியாவையும் சேர்த்தே தாக்கக்கூடும். இரும்பு ஒட்சைட்டு மணிகளைக் கொட்டிப் பொசுபேற்றை ஒரேயடியாகப் பூச்சியமாக்குவதும் ஆபத்து. முருகை வெளிறும், வெறுமையான நீரில் டைனோ என்கிற கொழகொழப்பான நுண்பாசி தலைதூக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி வாஷிங்டன் சிமித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வோல்ற்றர் ஏடி காட்டியது. தொட்டிக்கு வெளியே ஒரு வலைத்தட்டில் நீரை ஓடவிட்டு, பலமான விளக்கு வைத்து, அங்கே பாசியை வேண்டுமென்றே வளர்த்தார். தட்டில் வளர்ந்ததை அவ்வப்போது சுரண்டி எடுத்தால், நீரில் இருந்த உரம் அதனோடு வெளியேறிவிடும். கீழ்த்தொட்டியில் சுருள்சுருளான கீற்றோமோர்பா பாசியை இரவு விளக்கில் வளர்ப்பதும் இதே முறையே. இது பலன் தர மாதங்கள் ஆகும். பொறுங்கள்.

கடைசியாக, வெட்டி எடுத்த பாசி. 1984இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழுள்ள கடலில், தொட்டியில் வளர்க்கப்பட்ட கோலேர்ப்பா பாசி ஒரு சதுர மீற்றர் அளவில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அது மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேயரில் பரவியது. 2000இல் கலிபோர்னியாவில் அதே பாசியைக் கண்டதும், தார்ப்பாய் மூடி, குளோரீன் செலுத்தி, ஆறு வருடம் உழைத்தே ஒழித்தார்கள். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாபைக்கஸ் பாசி முருகைகளை மூடியதை 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அரநாயக்க மலைகளில் பிறக்கும் மகா ஓயா 134 கிலோமீற்றர் ஓடி, கொச்சிக்கடைக்கருகில் கடலில் சேர்கிறது. ஆகவே மலையில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்; கடலோரத்து வாசகர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிடுங்கிய பாசியையோ, அதனோடு வந்த நீரையோ ஓயாவிலும் கானிலும் களப்பிலும் விடாதீர்கள். பாசியை நன்னீரில் அலசி, வெயிலில் காயவைத்து, தோட்டத்து உரக்குழியில் புதைத்துவிடுங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: விளக்கு – எத்தனை மணி நேரம், எந்த நிறம்?